ஆபிரிக்க மொழி படித்து என்ன பயன்?



வரிக்கணக்குச் செய்விக்க வரும் பெற்றோர் சிலர் பிள்ளையின் படிப்பைப் பற்றியும் என்னிடம் கேட்பதுண்டு. "மகன் பொருளியல் படிக்கிறான், சந்தோசம். அதோடு ஆபிரிக்கக் கற்கைகளாம், சுவாகிலி மொழியாம். இதற்கும் காசு கட்டவேணுமோ?" நியாயமான கேள்விதான். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கலை, விஞ்ஞான பீடத்தில் ஒரு பட்டத்துக்கு 20 கிரெடிட் வேண்டும். 'மைனர்' எனப்படும் துணைப்பாடம் ஒன்றுக்கு அதில் 4 போகும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 'மேஜர்' எனப்படும் பிரதான பாடம் ஒன்றை மட்டும் எடுப்பவர் அதனுடன் இரண்டு துணைப்பாடங்கள் எடுத்தே ஆகவேண்டும். ஆகவே பட்டத்துக்கு மேலதிகமாக வரும் செலவு என்று இதைச் சொல்ல முடியாது. எப்படியும் நிரப்பவேண்டிய இடம் அது.

சரி, அதில் என்ன படிப்பார்கள்? ஆபிரிக்காவின் வரலாறு, அரசியல், இலக்கியம். விரும்பினால் ஒரு மொழி. சுவாகிலி கென்யா, தன்சானியா போன்ற நாடுகளில் பல இன மக்களை இணைக்கும் பொதுமொழி. யூலை 7 ஆம் திகதியை உலக சுவாகிலி மொழி தினமாக யுனெஸ்கோ 2021 இல் அறிவித்தது. 2022 இல் ஆபிரிக்க ஒன்றியம் அதைத் தன் பணிமொழிகளில் ஒன்றாக ஏற்றது.

தமிழ்ப் பிள்ளைக்கு இம்மொழி முற்றிலும் அந்நியமாக இராது. 'நினாசோமா' என்றால் 'படிக்கிறேன்'. 'நி' என்பது நான், 'னா' நிகழ்காலம், 'சோமா' படி. நாங்கள் படி, க்கிற், ஏன் என்று அடுக்குகிறோம். அவர்கள் அதையே தலைகீழாக அடுக்குகிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தன் மொழியின் இலக்கணத்தையும் இங்கே புதிதாகக் காணும்.

இனி ஒரு பக்கத்து வீட்டுக் கதை. எத்தியோப்பியாவின் தொன்மொழி கீஸ். இன்று பெரும்பாலும் தேவாலய வழிபாட்டில் வாழ்கிறது. ஸ்காபரோவில் வளர்ந்த எத்தியோப்பிய வம்சாவளிப் பாடகர் த வீக்கெண்ட், எத்தியோப்பியக் கற்கைகளுக்காக இதே பல்கலைக்கழகத்துக்கு 2016 இல் 50,000 டொலர் கொடுத்தார். 2017 இல் கீஸ் வகுப்பு தொடங்கியது. அதே பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக நாங்கள் 2018 இல் நிதி திரட்டத் தொடங்கி, 2021 இல் 30 இலட்சம் டொலர் இலக்கை அடைந்ததும் உங்களுக்குத் தெரியும்.

பணம் வகுப்பறையைத் திறக்கும். அதைத் தொடர்ந்து திறந்து வைத்திருப்பது வந்து உட்காரும் மாணவர்கள். வேற்றினப் பிள்ளை தமிழ் படித்தால் எங்களுக்கு எவ்வளவு பெருமை! எங்களைப் போலவே யுத்தத்தால் இடம்பெயர்ந்து இந்நகருக்கு வந்த சோமாலியர், எரித்திரியர் போன்றோரின் கண்டத்தை எங்கள் பிள்ளை படித்தால் அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். துணைப்பாடம் மட்டும் வேலை எடுத்துத் தராது. சட்டம், சமூகசேவை, பொதுச் சுகாதாரம், சர்வதேச வர்த்தகம் என்று போகும் பிள்ளைக்கு அது பக்கபலம். விரும்பிய மொழி எந்த ஆண்டில் கற்பிக்கப்படுகிறது, பிரதான பாடத்துடன் நேரம் மோதுமா என்பதைப் பதிவுக்கு முன்பே பீட ஆலோசகரிடம் கேளுங்கள். அதன்பின் தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள்.