ஒன்று ஓடும், ஒன்று துள்ளும், ஒன்று உறுமும்! நாயைக் குளிப்பாட்டும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கலாட்டா

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. வண்ணாரப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீடு. கொல்லைப்புறக் குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டு இருந்தது.

வாளிச் சத்தம் கேட்டதுதான் தாமதம். தெருவில் இருந்து எடுத்து வளர்த்த மணி, கட்டிலுக்கு அடியில் மாயமாக மறைந்தது!

லேப்ரடார் டைகரோ, "எனக்குத்தான் முதல்லே" என்பதுபோல வாளிக்குள்ளேயே தலையை விட்டது.

கிழட்டு பொமரேனியன் ஜிம்மி மட்டும் அசையவில்லை. வாசற்படியில் படுத்தபடியே ஒரு சத்தம் கொடுத்தது. "உர்ர்..."

"வேணாம்பா, அது கோவமா இருக்கு" என்றான் மகன்.

"சோறு போடுற என்கிட்டயே உறுமுதா?" என்று முதுகில் ஓர் அடி வைத்தார் கடைக்காரர். ஜிம்மி அடங்கியது. குளியலும் முடிந்தது.

அடுத்த மாதம் ஜிம்மி உறுமவே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் சத்தம் போடாமல் "லபக்" என்று கையைக் கவ்வியது! விரலெல்லாம் ரத்தம்.

பத்து வருஷமாக வளர்த்த நாய் ஏன் கடித்தது?

கால்நடை டாக்டர் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. ஜிம்மியின் காதுக்குள் சீழ்! தண்ணீர் படும்போதெல்லாம் வலி உயிர் போயிருக்கிறது. அதைத்தான் அது உறுமிச் சொன்னது.

உறுமினால் அடிக்காதீர்கள்

உறுமல் என்பது திமிர் அல்ல. "கிட்டே வராதே, வலிக்குது, பயமா இருக்கு" என்று நாய் கொடுக்கும் நோட்டீஸ்!

அடித்தால் வலியும் போகாது, பயமும் போகாது. நோட்டீஸ் கொடுப்பதுதான் நின்றுபோகும். பிறகு நேரே கடிதான்.

உறுமலுக்கு முன்பே சில நாய்கள் ஜாடை காட்டும். உதட்டை நக்கும். தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். உடம்பு விறைக்கும்.

இதைக் கண்டதும் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்து விட்டால் போதும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடிக்குப் பயந்து வாயைக் கயிற்றால் கட்டுவதும் கூடாது. நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. சென்னை வெயிலில் வாயைக் கட்டினால் ஆபத்து.

பயந்தாங்கொள்ளிக்கு...

மணி மாதிரி நாய்களுக்குப் பயம் தண்ணீரில் மட்டும் இல்லை. வாளிச் சத்தம், குழாய் சீறும் ஓசை, வழுக்கும் தரை எல்லாமே பயம்தான்.

வாளியை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். தரையில் ஒரு கோணிச் சாக்கைப் போடுங்கள். கால் வழுக்காவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

"வாடா கண்ணு" என்று ஆசையாகக் கூப்பிட்டுத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அடுத்த தடவை எதற்குக் கூப்பிட்டாலும் வராது! நீங்களே போய் அழைத்து வாருங்கள். கழுத்தைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம்.

இளஞ்சூடான தண்ணீரைக் காலில் இருந்து மெல்ல ஊற்றிக்கொண்டு மேலே வாருங்கள். உயரத்தில் இருந்து கொட்டக் கூடாது. தலைக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரத்துணி போதும்.

குளிக்காத நாட்களிலும் குழாயடிக்கு அழைத்துப் போய் ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்புங்கள். அந்த இடத்தின் மேல் உள்ள பயம் மெல்ல மெல்லக் குறையும்.

துள்ளும் ஆசாமிக்கு...

டைகருக்குப் பயம் என்பதே கிடையாது. ஆனால் குளிப்பாட்டுகிறவர் முழுசாக நனைந்துவிடுவார்!

முதலில் அரை மணி நேரம் வெளியே நடத்திக் கூட்டி வாருங்கள். ஆட்டம் அடங்கும். ஒருவர் வாரைப் பிடிக்க, இன்னொருவர் குளிப்பாட்டட்டும். ஒரு தட்டில் கொஞ்சம் தயிரைத் தடவி முன்னால் வைத்தால், நக்கிக்கொண்டே நிற்கும்.

குளித்து முடித்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். பயப்படாதீர்கள், அது இயல்புதான். தெருக் கேட்டை மட்டும் சாத்தி வையுங்கள்.

ஒரு வீட்டில் பல நாய்கள் இருந்தால், ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக் குளிப்பாட்டுவதே நல்லது. ஒன்று அலறினால் மற்றதும் மிரளும்.

துணி சோப்பு வேண்டாம்

துணி துவைக்கும் சோப்பு நாய்க்கு ஆகாது. நாம் குளிக்கும் சோப்பும் வேண்டாம். நம் தோல் வேறு, நாயின் தோல் வேறு. நாய்க்கென்று விற்கும் ஷாம்புவே சரி. நுரை துளிகூட இல்லாமல் அலசுங்கள். மிச்சம் இருந்தால் அரிப்பு எடுக்கும்.

உண்ணி போகட்டும் என்று மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. தோல் வெந்துவிடும். நக்கினால் விஷம்!

சாதாரண வீட்டு நாய்க்கு மாதம் ஒரு குளியல் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய்விடும். பிறந்து 8 வாரம் ஆகாத குட்டிக்குக் குளியலே வேண்டாம்.

பொசுபொசு முடி நாயாக இருந்தால் நனைக்கும் முன்பே சிக்கு எடுத்துவிடுங்கள். நனைந்தால் சிக்கு இறுகும். குளித்த பிறகு தோல்வரை துவட்டிக் காயவிடுங்கள். காதுக்குள் தண்ணீர் போகாதபடி பஞ்சு வையுங்கள். முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

கடித்துவிட்டால்?

"நம்ம வீட்டு நாய்தானே" என்று சும்மா இருக்கக் கூடாது. உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க் கடி ஊசி இலவசம். அந்த நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால், பிழைப்பது அநேகமாக இல்லை. நாய்க்கும் வருஷா வருஷம் ஊசி போட்டுவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டை கடைக்காரருக்குக் கை ஆறிவிட்டது. ஜிம்மிக்குக் காதும் ஆறிவிட்டது. இப்போது அதற்கு வாளி கிடையாது. வெயில் படும் வாசற்படியிலேயே மகன் ஈரத்துண்டால் துடைத்துவிடுகிறான்.

போன ஞாயிறு துண்டு காதுப் பக்கம் போனதும், "உர்ர்..." என்றது ஜிம்மி.

"விடுடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் கடைக்காரர்!