பெட்டியில் 3200, உள்ளே 2133

பார்த்துப் பார்த்து வாங்கிய ரேம். பெட்டியின் மேல் 3200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மதர்போர்டில் செருகி, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தால் வேகம் 2133 என்கிறது. காசு கொடுத்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு தூங்குகிறது.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. ரேம் அட்டையில் உள்ள குட்டி சிப்பில் எந்த வேகம், எவ்வளவு மின்னழுத்தம் என்ற குறிப்புகள் பதிந்திருக்கும். மதர்போர்டு முதலில் எடுத்துக்கொள்வது ஜெடெக் அமைப்பு வகுத்த நிதானமான குறிப்பை. வேகமான குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. எக்ஸ்எம்பி என்று பெயர், இன்டெல் 2007-இல் கொண்டுவந்தது. பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்தால், டிடிஆர்4 ரேமின் மின்னழுத்தம் வழக்கமான 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். ஓவர்கிளாக்கிங்கின் முதல் படி இது.

ஆனால் 3200 என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. பக்கத்தில் சிஎல்16 என்று இன்னொரு எண் இருக்கும். கேட்ட தகவல் வர எத்தனை துடிப்பு காக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. 3200 ரேமின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்; ஒரு துடிப்புக்கு 0.625 நானோநொடி. பதினாறு துடிப்புக்குப் பத்து நானோநொடி. இனி சிஎல்30 போட்ட டிடிஆர்5-6000 ரேமைக் கணக்கிட்டால் அங்கும் பத்துதான். இருபது ஆண்டுக்கு முந்தைய டிடிஆர்-400, சிஎல்2? அதே பத்து!

காரணம் அடித்தளத்தில் இருக்கிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. அந்தத் துளி மின்னூட்டத்தை உணர்ந்து பெருக்கிப் படிக்க நேரம் பிடிக்கும். அதோடு அது கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4-இல் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா பிட்டுகளையும் திரும்ப நிரப்ப வேண்டும். வளர்ந்திருப்பது குழாயின் அகலம். டிடிஆர்-400 அட்டை நொடிக்கு 3.2 ஜிகாபைட் தந்தது. டிடிஆர்5-6000 தருவது 48.

அந்த அகலத்தை அளக்க ஜான் மெக்கால்பின் உருவாக்கிய ஸ்ட்ரீம் என்ற சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு விதி அருமையானது: சோதிக்கும் தரவு, பிராசஸரின் கேஷ் நினைவகத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளப்பது ரேமையல்ல, கேஷை. காத்திருப்பை அளக்கும் முறை வேறு. ஒவ்வொரு முகவரியிலும் அடுத்த முகவரியை ஒளித்துவைத்து, ஒன்றைப் படித்தால்தான் மற்றதற்குப் போக முடியும் என்று பிராசஸரை அலையவிடுவார்கள்.

வேகத்தைக் கூட்டுகிறவர் பயப்பட வேண்டியது கணினி நின்றுபோவதற்கல்ல. நின்றால் தெரிந்துவிடும். ஓசையின்றி ஒரு பிட் மாறி, அந்தப் பிழையோடு குடும்பப் படம் ஹார்டு டிஸ்கில் சேமிக்கப்பட்டால் யாருக்குத் தெரியும்? எனவே மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுவதும் ஓடவிடுவது அவசியம். காலையில் ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் 3200-ஐ விட்டு 2933-க்கு இறங்கி, சோதனையை மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.