முதலில் யார்? - கிரிக்கெட் மேதாவிகளுக்கு ஆறு கேள்விகள்

கிரிக்கெட் மாட்ச் நடக்கிற நாளில் உங்கள் வீட்டில் யார் ராஜா? சந்தேகமென்ன, டெலிவிஷனுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்! சாப்பிடக் கூப்பிட்டால், "இந்த ஓவர் முடியட்டும்" என்பார். "யார் ஜெயிக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்டுவிட்டாலோ, "உனக்கு அதெல்லாம் புரியாது" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்.

ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் இந்தக் காய்ச்சல் இன்னும் ஒரு டிகிரி அதிகம். கால்நடைப் பண்ணைக்குப் பெயர்போன ஊர் அது. இப்போது சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒரு வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. பெங்களூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சென்னையோ முந்நூறுக்கும் மேல். ஆகவே ஒரு வீட்டில் "எங்கள் விசுவநாத்தைப் போல் உண்டா? கும்ப்ளேயைப் போல் உண்டா?" என்றால், அடுத்த வீட்டில் "எங்கள் வெங்கட்ராகவன்! எங்கள் ஸ்ரீகாந்த்! எங்கள் அசுவின்!" என்று பதில் பாட்டு.

இந்த மேதாவிகளைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? இதோ ஆறு கேள்விகள். சாப்பாடு முடிந்து, வெற்றிலையோ வாழைப்பழமோ கையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி ஒன்று: உலகக் கோப்பைக் கிரிக்கெட் முதன்முதலில் எந்த வருஷம் நடந்தது?

"1975" என்று கேள்வி முடியுமுன்பே பதில் வரும். தப்பு! 1973-லேயே இங்கிலாந்தில் உலகக் கோப்பை நடந்துவிட்டது. ஆடியவர்கள் பெண்கள். இங்கிலாந்துத் தலைவி ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட்டும், ஜாக் ஹேவர்டு என்ற தனவந்தரும் சேர்ந்து உருவாக்கிய யோசனை அது. நாற்பதாயிரம் பவுன் கொடுத்து உதவினார் ஹேவர்டு. ஏழு அணிகள் ஆடின. கோப்பையை வென்றது இங்கிலாந்து. ஆண்களுக்கு அந்த யோசனை கைகூட இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

கேள்வி இரண்டு: சர்வதேச ஒரு நாள் ஆட்டத்தில் முதன்முதலாக இருநூறு ரன் அடித்தவர் யார்?

"டெண்டுல்கர்! குவாலியர்! 2010!" என்று மார்தட்டுவார்கள். டெண்டுல்கரின் பெருமையில் ஒரு குன்றிமணி அளவும் குறைக்க வேண்டாம். ஆண்களில் அவர்தான் முதல். ஆனால் 1997 டிசம்பர் 16-ஆம் தேதி, அதே டெண்டுல்கரின் ஊரான மும்பையில், ஆஸ்திரேலியத் தலைவி பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிராக 229 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்றார். பன்னிரண்டு வருஷம் முந்திக்கொண்டார் அந்த அம்மாள்!

கேள்வி மூன்று: ஒரே டெஸ்ட் மாட்சில் நூறு ரன்னும் அடித்துப் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆட்டக்காரர் யார்?

விஷயம் தெரிந்தவர்கள், "இயான் போத்தம், பம்பாய், 1980" என்பார்கள். அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே, 1958 பிப்ரவரியில், மெல்பர்னில் அதைச் செய்து காட்டியவர் பெட்டி வில்சன். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் ஏழே ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். அதில் அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று பேரை வீழ்த்திய ஹாட்ரிக் வேறு! இரண்டாவது இன்னிங்ஸில் ஒன்பது ரன்னுக்கு நாலு விக்கெட். நடுவில் நூறு ரன்னும் அடித்து வைத்தார். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி, அவருக்கு முன் அதைச் செய்தவர் இல்லை.

கேள்வி நான்கு: முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் எது?

ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் 2005 பிப்ரவரியில் ஆக்லாந்தில் ஆடியது என்பார்கள். அதற்கு முந்திய ஆகஸ்டிலேயே, அதாவது 2004 ஆகஸ்டு 5-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஹோவ் நகரில் இங்கிலாந்துப் பெண்களும் நியூஸிலாந்துப் பெண்களும் ஆடி முடித்துவிட்டார்கள்.

கேள்வி ஐந்து: ஒரு நாள் ஆட்டத்தில் முதன்முதலாக நானூறைத் தாண்டிய அணி எது?

2006-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஆஸ்திரேலியா எடுத்த 434-ஐச் சொல்வார்கள். 1997 ஜனவரியில் நியூஸிலாந்துப் பெண்கள் பாகிஸ்தானுக்கு எதிராக 455 ரன் குவித்ததை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இதற்குள் உங்கள் வீட்டு மேதாவிக்கு விஷயம் விளங்கியிருக்கும். "பெண்கள் ஆட்டத்தைக் கேட்கிறாய் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!" என்று கோபித்துக் கொள்வார். இங்கேதான் நீங்கள் விடக்கூடாது. 'முதலில் யார்?' என்றுதானே கேட்டோம்? 'முதலில் எந்த ஆண்?' என்று கேட்கவில்லையே! பொதுவாகக் கேட்ட கேள்விக்கு மனசு தானாக ஆண்கள் பக்கம் ஓடினால், அது கேள்வியின் குற்றமா?

கடைசிக் கேள்வி நம் ஊர்ப்பக்கத்துக் கேள்வி. இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் மாட்சை எங்கே ஆடினார்கள்?

மத்திகிரிக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய பெங்களூரில்தான்! 1976 அக்டோபர் 31-ஆம் தேதி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அந்த ஆட்டம் தொடங்கிற்று. இந்திய அணியின் தலைவி சாந்தா ரங்கசாமி, சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். சேப்பாக்கமா, சின்னசாமி மைதானமா என்று சண்டை போடும் இரண்டு வீட்டுக்காரர்களும் அவரைத் தாராளமாகப் பங்கு போட்டுக் கொள்ளலாம்! அடுத்த மாதமே பாட்னாவில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியையும் பெற்றார்கள். அந்தப் பெங்களூர் ஆட்டத்தில் அறிமுகமான தமிழ்நாட்டு வீராங்கனை சுதா ஷா, 21 டெஸ்டுகள் ஆடி, பிற்பாடு இந்திய அணிக்கே பயிற்சியாளரானார்.

அவர்கள் ஆடியது பட்டு மெத்தையில் இருந்துகொண்டு அல்ல. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் நெருக்கியடித்துப் பிரயாணம் செய்து, பொது விடுதிகளில் தரையில் படுத்து எழுந்து ஆடியதைச் சாந்தா ரங்கசாமி பலமுறை சொல்லியிருக்கிறார். மட்டைகளைக்கூட ஒருவருக்கொருவர் இரவல் வாங்கிக் கொண்ட காலம் அது. பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்ததே 2006-ல்தான். ஆண்களுக்குச் சமமான ஆட்டச் சம்பளம் என்ற அறிவிப்பு 2022 அக்டோபரில் வந்தது.

ஆனால் பாதை போட்டவர்களின் உழைப்பு வீண் போகவில்லை. 2013-ல் சென்னைப் பெண் திருஷ் காமினி, பெண்கள் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். 2024 ஜூன் மாதம் நம் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில், ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தானா 149. இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்ந்து எடுத்தது 292. முதல் நாள் மாலை பலகையில் நின்ற எண்ணிக்கை, நாலு விக்கெட்டுக்கு 525! மறுநாள் 603-ல் ஆட்டத்தை நிறுத்திக் கொண்டார்கள். பெண்கள் டெஸ்டில் அதற்கு முன் எந்த அணியும் அறுநூறைத் தொட்டதில்லை. 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌரின் அணி உலகக் கோப்பையையே கையில் ஏந்திவிட்டது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் முகத்தைக் கொஞ்சம் ரசித்துவிட்டு, மெதுவாக ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பெண் குழந்தை இருக்கிறதா? தெருவில் பையன்கள் ஆடும்போது ஓரத்தில் நின்று, உருண்டு வரும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறாளா? "நீயும் போய்ப் பந்து போடம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெயிலில் கறுத்துப் போவாள், முழங்கால் சிராய்க்கும் என்று பாட்டி ஆட்சேபிப்பாள். சிராய்த்தால் தேங்காய் எண்ணெய் தடவிக் கொள்ளலாம். "எனக்கு ஒரு மட்டை வேண்டும்" என்று கேட்க நினைத்து, கேட்காமலே வளர்ந்துவிட்ட பெண்களுக்கு எந்த எண்ணெயைத் தடவுவது?