பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடலாமா?

புலம்பெயர்ந்த எமது வீடுகளில் பறவை வளர்ப்பது இப்போது சாதாரண விடயமாகிவிட்டது. நாய் வளர்க்க இடம் போதாது, பூனையின் உரோமம் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது. கடைசியில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு சோடி பட்ஜிகளை வாங்கிவிடுகிறோம். ஊரில் இவற்றைத்தான் பலரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைத்தோம். சில வருடங்களில் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விடுவார்கள். பறவை அம்மம்மாவின் பொறுப்பாகிவிடும். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் அவருடன் கதைக்க இருப்பது அது ஒன்றுதான்.

நாம் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், மிருக வைத்தியர் அல்லர். ஆனாலும் இரத்த அழுத்தம் பார்க்க வரும் முதியவர்கள் தமது பறவையைப் பற்றியும் எம்மிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: "டொக்டர், இது விதையைத் தவிர வேறொன்றும் தின்னுதில்லை. என்ன செய்யிறது?"

விதையில் என்ன குறை?

சூரியகாந்தி விதையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தினையில் கொழுப்புக் குறைவு என்றாலும், விற்றமின் ஏ, கல்சியம் ஆகியவை போதாது. காட்டில் வாழும் பட்ஜி அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் நெடுந்தூரம் பறந்து, பச்சைப் புல்விதைகளைத் தேடித் தின்னும். எங்கள் வீட்டுப் பட்ஜி ஒரு தடியிலிருந்து மறு தடிக்குத் தாவும், அவ்வளவுதான். உழைப்பு இல்லாமல் கொழுப்பு மட்டும் சேர்ந்தால் ஈரலில் கொழுப்புப் படியும். ஸ்கான் அறிக்கையில் இதே செய்தியைப் பார்த்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விற்றமின் ஏ குறைந்தால் வாய், மூக்கு, சுவாசப் பாதை ஆகியவற்றின் உட்தோல் தடித்துக் கிருமிகளுக்கு இடம் கொடுக்கும்.

ஆகவே பெல்லட் எனப்படும் தயாரித்த உணவையும் மரக்கறிகளையும் பழக்குவது நல்லது. ஆனால் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் பறவையின் உயிரே தங்கியிருக்கிறது.

கிண்ணம் நிறைந்திருக்கும், வயிறு வெறுமையாக இருக்கும்

"பசி வந்தால் எதையும் தின்னும்" என்பது நாம் பிள்ளை வளர்ப்பில் கேட்டுப் பழகிய வார்த்தை. பறவை விடயத்தில் அது ஆபத்தானது. விதையிலேயே வளர்ந்த பறவைக்குப் பெல்லட் ஓர் உணவு என்பதே தெரியாது. கூழாங்கல்லைப் பார்ப்பது போலப் பார்க்கும். பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம் மட்டுமே. அதன் உடல் சக்தியை மிக வேகமாக எரிக்கிறது. ஓரிரு நாள் பட்டினியே அதற்கு உயிராபத்து.

எம்மிடம் வரும் ஒரு தாயாரின் வீட்டில் இப்படித்தான் நடந்தது. மகன் நல்ல எண்ணத்தில் ஒரு சனிக்கிழமை விதை முழுவதையும் எடுத்துவிட்டுப் பெல்லட் வைத்தார். பறவை கிண்ணத்தில் அலகை விட்டுக் கிளறியது. தின்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஞாயிறு இரவு அது சிறகுகளை உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் இருந்தது. உடனே விதையைத் திருப்பி வைத்து, மறுநாள் காலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனதால் பிழைத்தது. அந்த இரவு முழுவதும் தாயார் தூங்கவில்லை. அந்தக் கிழமை அவருடைய இரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது.

விதைக் கிண்ணமும் எம்மை ஏமாற்றும். பட்ஜி விதையை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே போடும். பார்ப்பதற்கு நிறைந்திருக்கும், ஊதிப் பார்த்தால் உமி மட்டும் பறக்கும். தினமும் ஊதிப் பார்த்து நிரப்புங்கள்.

முதலில் தராசு

பறவை நோயை மறைத்து வைக்கும் உயிரினம். எனவே கண்ணை நம்பாமல் எடையை நம்புங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். அதன் மேல் ஒரு சிறு தடியையோ கிண்ணத்தையோ வைத்துப் பழக்குங்கள். உணவை மாற்றுவதற்கு முன் ஒரு கிழமை, தினமும் காலையில் உணவுக்கு முன்பாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத் தொடங்கிய பின்பும் இதைத் தொடருங்கள். 35 கிராம் பறவை 3 கிராமுக்கு மேல் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கை நெருங்கினால், உடனே பழைய உணவுக்குத் திரும்பி மிருக வைத்தியரை நாடுங்கள். எச்சம் மிகக் குறைவாகவும் கரும்பச்சையாகவும் இருந்தால் பறவை தின்னவில்லை என்று பொருள்.

நோயுற்ற பறவைக்கும் இறகு உதிர்க்கும் பறவைக்கும் இது ஏற்ற காலம் அல்ல.

படிப்படியாக மாற்றும் முறை

1. காலையில் பசி அதிகம். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் புதிய உணவை மட்டும் வையுங்கள். பிறகு வழமையான விதையைக் கொடுங்கள்.

2. பெல்லட்டைத் தூளாக்கி, சிறிது ஈரமாக்கிய விதையுடன் பிரட்டுங்கள். விதையை உரிக்கும்போது அதன் சுவை நாக்கில் படும். எடை நிலையாக இருந்தால் மட்டும் கிழமைக்குக் கிழமை பெல்லட்டின் அளவைச் சற்றுக் கூட்டுங்கள்.

3. பட்ஜி நிலத்தில் மேயும் பறவை. கிண்ணத்தில் தொடாததை, தரையில் வைத்த வெள்ளைத் தாளில் தூவினால் கொத்திப் பார்க்கும்.

4. கழுவிய கீரையை ஈரத்துடன் கூட்டில் தொங்கவிடுங்கள். அதில் உரசிக் குளிக்கும், பிறகு கடிக்கும்.

5. இவை கூட்டமாக உண்ணும் இனம். நீங்கள் அருகில் இருந்து கரட் ஒன்றைக் கடித்து உண்டால் அதற்கும் ஆசை வரும். இந்த வேலைக்கு அம்மம்மாவை விடப் பொருத்தமானவர் இல்லை.

சில பறவைகள் சில கிழமைகளில் பழகும், சிலவற்றுக்கு மாதங்கள் செல்லும். விதையை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. அது சிறு பங்காகக் குறைந்தால் போதும்.

எமது குசினியிலேயே இருப்பவை

முருங்கை இலை, கரட், பூசணி, அவித்த வற்றாளங்கிழங்கு, முளைக்கட்டிய பயறு ஆகியவற்றைச் சிறிதாக அரிந்து கொடுக்கலாம். மிளகாயும் கொடுக்கலாம். அதன் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை. பழத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள். ஈரமான உணவை இரண்டு மணி நேரத்தில் அகற்றிவிடுங்கள்.

அவகாடோ, சொக்லேட், தேநீர், கோப்பி, மதுபானம், வெங்காயம், உப்பிட்ட மிக்சர், முறுக்கு ஆகியவை வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சான் ஈரலைக் கெடுக்கும். தண்ணீரில் கலக்கும் விற்றமின் துளிகளும் தேவையில்லை. அவை நீரில் கிருமிகளை வளர்க்கும், சுவை மாறினால் பறவை நீர் குடிப்பதும் குறையும்.

ஒட்டாத பூச்சுள்ள சட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொல்லும். கூட்டைக் குசினியில் வைக்காதீர்கள்.

உங்கள் நலமும் முக்கியம்

கிளிக் காய்ச்சல் எனும் நோய் பறவையின் எச்சத் தூசி மூலம் மனிதருக்குத் தொற்றலாம். காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல் என வருவதால் சாதாரண சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடுவோம். உரிய அன்ரிபயோரிக் கொடுத்தால் குணமாகும். நீண்டநாள் இருமலும் மூச்சு வாங்குதலும், இறகுத் தூசியால் நுரையீரலில் ஏற்படும் ஒவ்வாமையாக இருக்கலாம். எனவே உங்கள் குடும்ப வைத்தியர் கேட்காவிட்டாலும், "எங்கள் வீட்டில் பறவை இருக்கிறது" என்று சொல்லுங்கள். கூட்டைச் சுத்தம் செய்யுமுன் தாளில் சிறிது தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

பறவை உப்பிக்கொண்டு உறங்கினால், தரையில் இருந்தால், வால் ஏறி இறங்க மூச்சு வாங்கினால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். பறவைகளில் பயிற்சி பெற்ற மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை இப்போதே தேடி, பேரப்பிள்ளைகளைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதுவித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பகலில் அம்மம்மா தனியாக இருக்கும்போது அது உதவும்.