உங்களுக்குத் தெரியுமா? பாலைவனக் கொல்லையில் மாமரம்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரம் சோனோரன் பாலைவனத்தில் இருக்கிறது. ஆண்டு மழை 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள், பகலின் உச்ச வெயில் 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. அங்கேயும் வீட்டுக் கொல்லைகளில் மா, கொய்யா, பப்பாளி காய்க்கின்றன!

சட்டென வளரும் முருங்கை போன்ற மரங்களின் நிழலில் கன்றுகளை வளர்க்கிறார்கள். வேரடியில் மரச்சீவல் மூடாக்கு. நிழலில் வளர்ப்பது பாலைவனமே காட்டும் வழிதான். சகுவாரோ கள்ளியின் இளங்கன்றுகூடப் பெரும்பாலும் வேறொரு மரத்தின் நிழலில்தான் தலையெடுக்கும். குளிர்கால உறைபனி இரவுகளில் மாங்கன்றுக்குப் போர்வையும் வேண்டும்.

தண்ணீர்? பழைய குடியிருப்புகள் சிலவற்றில், கோடையில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாய்க்கால் நீரைத் திறந்து கொல்லையையே நிரப்புகிறார்கள். அந்த வாய்க்கால்களில் சில, ஹோஹோகம் பழங்குடியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன.