பிரேசர் டவுனில் காலை வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

மார்கழி, தை மாதங்களில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய சந்துகளில் பால் பாக்கெட் வாங்க வருகிறவர்கள்கூட குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். சித்திரையிலும் பெங்களூரில் விடியற்காலைத் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். அதனால் ஆறு மணி அடித்ததும் வீட்டுக்கு வீடு கீசர் சுவிட்சைப் போடுகிறார்கள். 2,000 வாட் கீசர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் கரண்ட் செலவு. லட்சக்கணக்கான வீடுகளில் இது ஒரே நேரத்தில் நடக்கிறது. பெங்களூரின் மின்தேவை காலையில் எகிறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? முதலில் வந்தது காவிரியிலிருந்து. 1902-ல் சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் தொடங்கியபோது, அதன் மின்சாரம் சுமார் 150 கி.மீ. தூரம் கம்பி வழியாகக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போன நம்மவர்கள் இறங்கி உழைத்த சுரங்கம் அது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். அதற்கு ஏழு வருடம் முன்னால், 1898-ல், இந்த நகரத்தைப் பிளேக் சூறையாடியிருந்தது. நெருக்கமான பேட்டைகளை விட்டு வெளியே, காற்றும் வெயிலும் தாராளமாக வரும்படி புதிய குடியிருப்புகளை அமைத்தார்கள். 1910-ல் உருவான பிரேசர் டவுன் அவற்றில் ஒன்று. இன்றைக்கு அரசு ஏடுகளில் அது புலிகேசி நகர். ஆனால் ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றுதான் சொல்கிறோம்.

இப்போது நம் சுவிட்சுக்கு வரும் கரண்டை இன்ன ஊரில் உற்பத்தியானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல வாய்க்கால்கள் விழுகிற ஒரு பெரிய ஏரியைப் போன்றது மின்தொகுப்பு. நீர், நிலக்கரி, அணு, வெயில், காற்று எல்லாம் அதில் வந்து கலக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வாய்க்காலின் தலைமாட்டிலும் ஓர் ஊர் இருக்கிறது.

சராவதி நதியை எடுத்துக்கொள்வோம். ஜோக் அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை கட்டி முடிந்தது 1964-ல். அதன் தண்ணீரில் ஓடும் சராவதி மின்நிலையத்தின் திறன் 1,035 மெகாவாட். புகையில்லாத மின்சாரம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், உண்மைதான். ஆனால் அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் வயல்களும் பாக்குத் தோட்டங்களும் கோயில்களும் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டில் இறக்கிவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் ஆகியும் அவர்களில் பலருக்கு, குடியிருக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை. கொடுத்த இடம் வனநிலம் என்பதால் வழக்கு இன்னும் இழுக்கிறது. கன்னட எழுத்தாளர் நா. டிசோசா ஒரு நாவலுக்கு ‘முளுகடெ’ என்றே பெயர் வைத்தார். மூழ்கடிப்பு என்று பொருள். மாநிலத்துக்கே வெளிச்சம் கொடுத்தவர்களைச் சொந்த நிலமில்லாமல் நிறுத்தி வைத்திருப்பது அநியாயம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ராய்ச்சூரின் சக்திநகரில் 1,720 மெகாவாட் அனல்மின் நிலையம். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எரித்தபின் மலையாகச் சேரும் அந்தச் சாம்பல், காற்றடித்தால் சுற்றுப்புற ஊர்களின் மூச்சில் கலக்கும். கைகா அணுமின் நிலையம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் இருக்கிறது. அதை எதிர்த்து, தள்ளாத வயதில் 1989 மக்களவைத் தேர்தலிலேயே நின்றார் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த். 1994-ல், கட்டுமானத்தின்போதே அதன் பாதுகாப்புக் கூரை பெயர்ந்து விழுந்தது.

சரி, சூரிய ஒளியாவது சுத்தம்தானே? தும்கூர் மாவட்டம் பாவகடாவில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. வறண்ட நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு மழையை நம்பாத வருமானம் கிடைத்தது. அதே வயலில் களை பறித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவர்களுக்குக் குத்தகை கிடையாது, போன வேலையும் திரும்பவில்லை.

இத்தனையையும் சொல்வது கரண்டே வேண்டாம் என்பதற்காக இல்லை. குளிக்கிற தண்ணீரைச் சூடாக்க அணையும் வேண்டாம், கரியும் வேண்டாம் என்பதற்காக. கோல்ஸ் பார்க் பக்கத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் வரிசையாகச் சாய்ந்த கருப்புக் குழாய்களும் மேலே ஒரு தொட்டியும் தெரியும். 2007-ல் பெங்களூரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் புதுக் கட்டிடங்களுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கியதன் பலன் அது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. குழாயில் சூடாகும் தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். 100 லிட்டர் ஹீட்டர் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் மிச்சப்படுத்தும். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று கணக்கிட்டால், ஒரு வீடு மட்டுமே ஆண்டுக்கு ஒரு டன்னைக் குறைக்கிறது.

ஆனால் மேலே பார்த்த ஹீட்டர்களில் ஓடாதவையும் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்கிறது. பழைய பங்களாக்கள் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டிடம் வந்து பக்கத்து மாடியின் வெயிலை மறைக்கிறது. தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் மறைத்தால் ஹீட்டரைத்தான் நகர்த்த வேண்டும், மரத்தில் கை வைக்கக் கூடாது. வாடகை வீடுகளில் கதையே வேறு. ரிப்பேர் செலவு வீட்டுக்காரருக்கு, கரண்ட் பில் குடியிருப்பவருக்கு. 2023 ஆகஸ்ட் முதல் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம். ஏழை வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் பில்லில் பூஜ்யம் விழுந்தால் ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை.

சிலர் சோலார் ஹீட்டருக்குப் பதில் கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. ஜன்னல் மூடிய சிறு அறையில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் கால் துவண்டுவிடும். பெங்களூரில் இப்படிக் குளிக்கப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. கேஸ் கீசர்தான் வேண்டுமென்றால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் குழாயின் கீழ்நுனி வெள்ளி மாதிரிப் பளபளத்தால் குழாய் நல்ல நிலையில் இருக்கிறது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் அதன் வெற்றிடம் போய்விட்டது, அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றினால் போதும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.