முதியோர் ஓய்வூதியத்தை வருஷா வருஷம் ஏத்தினா அரசு தாங்குமா? கல்வராயன் மலைக்கு ஒரு கணக்கு

கல்வராயன் மலையில் வெள்ளிமலையோ, அடிவாரத்தில் சின்னசேலமோ... தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் முதியோர் ஓய்வூதியம் மாதம் ரூ.1,200தான். இது எவ்வளவு பெரிய தொகை? நூறு நாள் வேலைக் கூலியோடு வைத்துப் பார்த்தால் டக்குனு புரியும்.

2011-ல் முதியோர் ஓய்வூதியம் ரூ.1,000. அந்த நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி ரூ.119. அதாவது, ஓய்வூதியம் எட்டு நாள் கூலிக்கும் மேலே. 2025-26-ல் அதே கூலி ரூ.336. ஓய்வூதியம் மூன்றரை நாள் கூலி. கூலி விலைவாசியைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் மாறுது. ஓய்வூதியத்துக்கு அப்படி ஒரு விதியே இல்லை.

1962-ல் காமராஜர் ஆட்சியில் மாதம் ரூ.20-ல் தொடங்கிய திட்டம் இது. 2011 மே மாதம் ஆட்சிக்கு வந்ததும் ஜெயலலிதா ரூ.500-ஐ ரூ.1,000 ஆக்கினார். அடுத்த உயர்வு 2023-ல், மு.க.ஸ்டாலின் ஆட்சியில்: ரூ.1,200. நடுவில் 12 வருஷம். 2012-ல் 100 என்று தொடங்கும் நுகர்வோர் விலைக் குறியீடு 2023 நடுவில் 186-ஐத் தொட்டிருந்தது. விலைவாசி 86% ஏறிய இடத்தில் ஓய்வூதியம் 20% ஏறியிருக்கு. எண்ணில் உயர்வு, கையில் குறைவு.

மலையில் இது ஏன் கூடுதலாகக் கடிக்குது?

கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) மரவள்ளி, சாமை, கடுக்காய், அப்புறம் வெளியூர்க் கூலி வேலை. இதில் எதிலும் பி.எஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. 60 வயதுக்கு மேல் மாதாமாதம் உறுதியா வரும் பணம் என்றால் பலருக்கு இந்த ரூ.1,200 மட்டும்தான். அதை எடுக்கவும் வங்கி முகவர் ஊருக்கு வரணும், இல்லாட்டி பஸ் ஏறி இறங்கணும்.

1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பஸ், மருத்துவமனை எல்லாம் அதில் பேசப்பட்டன. ஓய்வூதியம் மட்டும் எப்போதும்போல பட்ஜெட் பேச்சில் ஒரு வரி.

சரி, வருஷா வருஷம் யாருக்கு ஏறுது?

அரசு ஊழியர்களுக்கும், பழைய திட்டத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கும். அகவிலைப்படி வருஷத்துக்கு இரண்டு முறை மாறும். 2025 ஜூலை 1-லிருந்து அது 55%-லிருந்து 58% ஆனது. சுமார் 16 லட்சம் பேருக்கு இந்த 3% தர ஆண்டுக்கு ரூ.1,829 கோடி கூடுதல் செலவு என்று அரசே சொன்னது. அடிப்படை ஓய்வூதியம் ரூ.10,000 வாங்கும் ஒருவருக்கு இந்த ஒரு உயர்வில் மாதம் ரூ.300 கூடும். மலையில் இருக்கும் பாட்டிக்கு 12 வருஷத்தில் கூடியது ரூ.200.

இதைச் சொன்னதும் 'அப்போ அரசு ஊழியர் ஓய்வூதியத்தை வெட்டணுமா?'ன்னு சண்டைக்கு வரத் தேவையில்லை. விலைவாசிக்கு ஈடு கேட்பது நியாயம்தான். ஆனா செலவு சின்னதில்லை. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் ஓய்வூதியம், ஓய்வுக்காலப் பலன்களுக்கு மட்டும் ரூ.41,290 கோடி. அதே பட்ஜெட்டின் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.41,635 கோடி. ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது தற்செயல்தான், ஆனா அளவு புரியுதில்ல?

இதற்கு மேல், 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்காக 2026 ஜனவரி 3-ல் ஸ்டாலின் 'தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் 50%, அதன் மேல் அகவிலைப்படி. ஊழியர் பங்கு 10%, மீதி அரசு. ஓய்வூதிய நிதியத்துக்கு ஒருமுறை ரூ.13,000 கோடி, அப்புறம் ஆண்டுக்கு சுமார் ரூ.11,000 கோடி தேவை என்பது அரசு சொன்ன கணக்கு.

15% ஏத்திய ராஜஸ்தான்

வருஷா வருஷம் ஏத்தணும்னு சட்டமே போட்ட மாநிலம் ராஜஸ்தான். 2023-ல் அசோக் கெலாட் அரசு கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டப்படி, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மாதம் குறைந்தது ரூ.1,000. அது ஆண்டுக்கு 15% ஏறும்: ஜூலையில் 5%, ஜனவரியில் 10%. அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி மாறியது. தொகை முதலில் ரூ.1,150 ஆனது. 15% சரி. அடுத்து 2025-26 பட்ஜெட்டில் ரூ.1,250. சட்டக் கணக்குப்படி ரூ.1,322 வந்திருக்கணும். இரண்டாவது படியிலேயே மூச்சு வாங்கிடுச்சு.

கேரளம் வேற மாதிரிப் பாடம். தொகை ரூ.1,600, 2025 நவம்பரிலிருந்து ரூ.2,000. நம்மைவிட அதிகம். அதற்காக 2023 ஏப்ரலில் பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு ரூ.2 செஸ் போட்டார்கள். அப்படியும் 2023-24-ல் பல மாத ஓய்வூதியம் பாக்கி விழுந்தது. மருந்துச் சீட்டோடு நிற்கும் ஒருவருக்கு, அஞ்சு மாசம் கழிச்சு வரும் 1,600-ஐவிட அஞ்சாம் தேதி வரும் 1,200 மேல்.

அதென்ன டிரிபிள் லாக்?

உலக அளவில் இந்த விவாதத்தின் ஹீரோவும் வில்லனும் பிரிட்டனின் 'டிரிபிள் லாக்'தான். விலைவாசி உயர்வு, சராசரிச் சம்பள உயர்வு, 2.5%: மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அரசு ஓய்வூதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும். 2011-லிருந்து நடைமுறை. 2023-ல் 10.1%, 2024-ல் 8.5% ஏறியது.

சிக்கல் எங்கே? ஒரு வருஷம் விலைவாசி எகிறினா அதோடு ஏறும். அடுத்த வருஷம் சம்பளம் எகிறினா அதோடும் ஏறும். எதுவும் நடக்காட்டியும் 2.5% ஏறும். ஏறும், இறங்காது. 2029-30-ல் இதன் கூடுதல் செலவு ஆண்டுக்கு 1,550 கோடி பவுண்ட், அதாவது முதலில் எதிர்பார்த்ததைப்போல மூன்று மடங்கு என்று அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் 2025 ஜூலையில் சொன்னது. ஆனாலும் கைவைக்கப் பெரிய கட்சிகளுக்குப் பயம். முதியவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுவார்கள்.

நம்ம கணக்கு

மாதம் ரூ.1,200 வீதம் 30 லட்சம் பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு ரூ.4,320 கோடி. விலைவாசியை ஒட்டி 5% ஏற்றினால் தலைக்கு ரூ.60. முதல் வருஷக் கூடுதல் செலவு ரூ.216 கோடி. மேலே பார்த்த 3% அகவிலைப்படி உயர்வில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 5% பத்து வருஷம் தொடர்ந்தால் தொகை சுமார் ரூ.1,955 ஆகும், செலவு ரூ.7,000 கோடியைத் தாண்டும். ராஜஸ்தான் மாதிரி 15% என்றால் தொகை ரூ.4,855, செலவு சுமார் ரூ.17,500 கோடி. கூட்டுவட்டியின் வேலை இது. முதலாவது, மாநில வருவாய் விலைவாசி அளவுக்காவது வளர்ந்தால் தாங்கும். இரண்டாவது, தேர்தலுக்குத் தேர்தல் கைமாறும் வாக்குறுதிதான்.

தலைகளும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6%, 2031-ல் 18.2% என்பது மத்திய அரசின் நிபுணர் குழு கணிப்பு. அதனால் 5%கூட 'சும்மா' இல்லை. ஆனால் 12 வருஷம் தொடாமல் விட்டு, பிறகு தேர்தலை ஒட்டி மொத்தமாக ஏற்றும் பழக்கத்தைவிட, விலைவாசியோடு கட்டிய சின்ன உயர்வு பட்ஜெட்டுக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. நிதித் துறைக்கு முன்கூட்டியே தெரியும். பாட்டிக்கும் தெரியும்.

டெல்லியின் பங்கு எவ்வளவு?

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை டெல்லி தருவது மாதம் ரூ.200. 2007-லிருந்து இதே 200. மீதி ரூ.1,000 மாநிலத்தின் பணம். 80 வயதைத் தொட்டால் மத்தியப் பங்கு ரூ.500 ஆகும். அப்போதும் வெள்ளிமலையில் இருப்பவர் கைக்கு வருவது ரூ.1,200தான், மாநிலத்தின் பங்கில்தான் ரூ.300 குறையும்.